ஒரு மணி நேரக் குளிர்

செத்துப்போன புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து கொளஞ்சியம்மாள் அழவில்லை. வந்து அழுகிறவர்களை வேவு பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொம்பளை அளவுக்கு மீறி அழுகிறாளோ, அவள்தான் அவள்.

செல்லப்பன் காலையில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தண்ணீர் கேட்டான்; சொம்பு வருவதற்குள் சாய்ந்துவிட்டான். மகன் வடக்கே பிலாயிலிருந்து வந்து சேர ரெண்டு நாளாகும். கத்திரி வெயிலில் உடம்பு தாங்காதென்று ஐஸ் வாங்க அரியலூருக்கு ஆள் போயிருந்தது.

ரெட்டிபாளையத்தில் அவனை ஆறு மாதமாக ‘வியன்னாக்காரர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பாறைக்குள் கல்லாகிக் கிடக்கும் நத்தைகள் அவன் கண்ணுக்கு மட்டும் சட்டென்று தட்டுப்படும். ரெண்டு வருஷம் அவனோடு வெயிலில் அலைந்த வெள்ளைக்காரப் புரொபசர், அந்த நத்தைகள் இப்போது வியன்னா மியூசியத்தில் இருப்பதாகவும், டிசம்பரில் வந்து பார்க்க வேண்டும், டிக்கெட் தன் பொறுப்பு என்றும் எழுதியிருந்தார். கூடவே ஒரு படம்: பழங்காலத்து அரண்மனை, அதன் கூரை முழுக்கப் பனி. போஸ்ட்மேன் கடிதத்தைப் படித்துச் சொன்னபோது கொளஞ்சியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மார்கழிப் பனிக்கே தலையில துண்டு கட்டிக்கிற ஆளு நீங்க. அங்க போனா வெறச்சே போயிருவீங்க.”

அவன் மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். அதற்கப்புறம் வேலை விட்டதும் வீட்டுக்கு வராமல் சைக்கிளை அரியலூர்ப் பக்கம் மிதிக்க ஆரம்பித்தான். ஊரே வெந்துகொண்டிருக்கும், திரும்பி வரும்போது அவன் உடம்பு மட்டும் ஜில்லென்றிருக்கும். எவள் வீட்டில் குளித்துவிட்டு வருகிறான்? கேட்டால், சைக்கிளில் வந்த காத்து என்பான். வேட்டியில் மரத்தூள் வேறு. அங்கே மரம் அறுக்கும் மில்லுக்குப் பக்கத்து வீட்டில்தான் தையல்காரி ராசாத்தி இருந்தாள், புருஷனை விட்டுத் தனியாக. பயணத்துக்கு அவனுக்குப் பேண்ட் தைப்பவளும் அவளேதான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வியன்னா என்பதே புளுகு, ரெண்டு பேருமாக எங்கேயோ ஓடத்தான் திட்டம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வயிறெரிந்துபோய், நேற்று தோளில் வைத்த அவன் கையைத் தட்டிவிட்டாள். ஒருநாள் நிற்கவைத்துக் கேட்டே தீர்வது என்றிருந்தாள். இனி யாரைப் போய்க் கேட்பது?

மூன்றரை மணிக்கு ராசாத்தி வந்தாள். பேப்பரில் சுற்றிய பேண்ட்டைக் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அளவு குடுத்துட்டுப் போனவருதான் அண்ணன். வாங்கக்கூட வரலியே.”

நல்லாத்தான் நடிக்கிறாள் என்று கொளஞ்சியம்மாள் நினைத்தாள். அத்தனை பேர் முன்னால் வெளியே போ என்று சொல்ல வாய் துடித்தது.

அப்போது ஐஸ் வண்டி வந்தது. ஐஸ் பாக்டரி ஆள் முருகையன் சாக்கைப் பிரித்துக் கட்டிமேல் அப்பியிருந்த மரத்தூளைக் கையால் தள்ளினான். ஈரத்தூள் அவள் மடியில் விழுந்தது. ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தாள். வேட்டியிலிருந்து அவள் தட்டிய அதே தூள்.

முருகையன் செத்தவன் முகத்தைப் பார்த்ததும் கட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“வியன்னாக்காரரா?”

“ஒனக்கு எப்புடித் தெரியும்?”

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். தினமும் சாயங்காலம் வருவாராம். ஐஸ் அடுக்குகிற ரூமில் கட்டிகளுக்கு நடுவே சட்டையோடு உட்கார்ந்துகொள்வாராம், வெளிநாட்டுக் குளிருக்குப் பழக வேண்டுமென்று. முதல் நாள் அஞ்சு நிமிஷத்தில் பல்லடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டாராம்.

“ஒரு மணி நேரம் முழுசாத் தாங்கிட்டு வூட்டுல சொல்றேன், அதுக்கு முன்னாடி சொன்னா அவ சிரிப்பான்னாரு. நேத்து அம்பது நிமிசம் இருந்தாருக்கா.”

கொளஞ்சியம்மாள் நகர்ந்து, தூணோரம் நின்ற ராசாத்தியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

உடம்பை ஐஸ்மேல் கிடத்தினார்கள். சிறிது நேரத்தில் அவன் கையைப் பிடித்தாள். நேற்றுத் தட்டிவிட்ட அதே ஜில்லிப்பு. அந்தக் கையோடு தன் கையையும் சேர்த்து ஐஸ்மேல் வைத்துக்கொண்டாள். கை மரத்துப்போகும் என்று ராசாத்தி எடுக்கப் பார்த்தாள். அவள் விடவில்லை.

“மணி என்னாச்சு, தம்பி?”

“நாலே கால்க்கா.”

“அஞ்சே கால் ஆனதும் சொல்லு.”

முருகையன் வண்டியைக் கிளப்பாமல் வாசலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கைக்கடிகாரத்தைத் துடைத்துவிட்டு ஒருமுறை பார்த்துக்கொண்டான்.