செங்கேணியின் பின்னால் நடந்த குடிசை

1897ஆம் ஆண்டு மாசி மாதம் தொடங்கி, தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் முனிரத்தினத்தின் மகள் செங்கேணி எங்கே போனாலும் அவள் பின்னால் ஓர் ஓலைக்குடிசை நடந்து போயிற்று. அவள் கிணற்றடியில் நின்றால் அதுவும் நின்றது. சந்துக்குள் திரும்பினால் ஒருக்களித்துக்கொண்டு வந்தது. கீற்றுகள் ஒருநாளும் காயவில்லை.

அவள் பெரியவளானபோது, தாய் மங்கம்மாவின் தம்பி வரதன் குடியாத்தத்திலிருந்து பச்சைத் தென்னங்கீற்றுகளை ரயிலேற்றிக் கொண்டுவந்து, தாய்மாமன் முறைக்குக் கட்டிய குடிசை அது. பெண்ணை அதில் உட்காரவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் கட்டிய கையே பிரித்துக் கொளுத்த வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தண்ணீர் ஊற்றிய அன்று பந்தியில் வரதன், "பொண்ணு எனக்குத்தான்" என்றான். மேஸ்திரி மகனுக்குத் தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்த முனிரத்தினம், "நாலு கீத்தக் கட்டிட்டா பொண்ணு உன்னுதாயிடுமா மச்சான்?" என்று கேட்டார். வரதன் பாதிச் சோற்றில் எழுந்தான். "அப்படின்னா நீயே பிரிச்சுக்கோ மாமா" என்று சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

முனிரத்தினம் ஷிப்டு முடிந்து வந்து பிரித்துப் பார்த்தார். பிடுங்கிய இடத்தில் விடிவதற்குள் புதுக் கீற்று முளைத்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்; ஈர விறகுபோலப் புகைந்து அணைந்தது. மறுநாள் செங்கேணி வெளியே கிளம்ப, அதுவும் கிளம்பியது. "என் தம்பி வந்து தொட்டாத்தான் போவும்" என்று மங்கம்மா வாசலில் மேய்ந்த கோழியிடம் சொன்னாள். அன்றுமுதல் அவள் கணவரிடம் நேராகப் பேசவில்லை. "கோழி, சோறு ஆறிப்போவுது, சாப்புடச் சொல்லு" என்பாள். "பசிக்கலன்னு சொல்லு கோழி" என்பார் அவர். இந்த வீட்டில் பெண் எடுத்தால் குடிசையும் கூட வரும் என்று மேஸ்திரி வீட்டார் விலகிக்கொண்டார்கள்.

செங்கேணி சுரங்கத்துக்கு மேலே கல் பொறுக்கும் வேலைக்குப் போனாள். "இன்னா செங்கேணி, வூட்டோட கெளம்பிட்டியா?" என்று கேட்பார்கள். "ஆமாக்கா, பூட்டிட்டு வர்ற வேல மிச்சம்" என்பாள். வேலை செய்யும் பெண்கள் அதன் நிழலில் குழந்தைகளைக் கிடத்தினார்கள். விசாரித்த வெள்ளைக்காரத் துரையிடம் இது எங்கள் வழக்கம் என்றார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். வீட்டில் கோழிவழியாகச் சண்டை மூளும்போதெல்லாம் செங்கேணி குடிசைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே சத்தம் கேட்காது. அங்கே உட்கார்ந்துதான் தனக்கு யார் வேண்டும், எது வேண்டாம் என்று யோசிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஊர்க் கேலி தாங்காமல் மூன்றாம் வருடம் முனிரத்தினம் இறங்கி வந்தார். பெண்ணைக் கட்டிக்கொள், வந்து குடிசையைப் பிரி என்று வரதனுக்கு ஆள் அனுப்பினார். மங்கம்மா அன்றைக்குக் கோழியை விட்டுவிட்டுக் கணவரிடமே பேசினாள். செங்கேணியை யாரும் கேட்கவில்லை. வரதன் ஒரு கையில் தாம்பூலத் தட்டும் இன்னொரு கையில் அரிவாளுமாக வந்து சேர்ந்தான். குடிசை வாசலில் அவள் நின்றாள்.

"தள்ளும்மா, பிரிக்கணும்."

"பிரிச்சா உன்னைக் கட்டிக்கணும், அதான மாமா?"

"முறைதானே?"

"அப்ப இது இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல."

"எவன்டி கட்டுவான் உன்னை, இத வச்சிக்கினு?" என்று முனிரத்தினம் கத்தினார்.

"வர்றவன் குனிஞ்சு உள்ள வரட்டும்பா."

வரதன் அரிவாளைப் பார்த்தான். "அப்ப நான் இன்னாத்துக்கு வந்தேன்?"

"சாப்பிட்டுப் போ மாமா. அன்னிக்குப் பாதியில எழுந்துட்டியே" என்றாள்.

அவன் வயிறாரச் சாப்பிட்டுப் போனான். மறுநாள் வேலைக்குக் கிளம்பிய செங்கேணி தெருமுனையில் திரும்பி, "இங்கியே இரு" என்றாள். குடிசை நின்றது. அதன்பின் அவள் கூப்பிட்டால் வந்தது, இருக்கச் சொன்னால் இருந்தது. சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த வருடம் ஊரே திரண்டு விளக்கைப் பார்க்கப் போனது. வழியில் நின்ற குடிசையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போகாமல், ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் அது நிற்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போய், குனிந்து, அவளிடமே கேட்டார்கள்.