மாமனாரின் பேர் கொண்ட பூண்டு

நாரின் என்ற மலைநாட்டின் மேட்டு மேய்ச்சல் நிலத்தில், தரையோடு தரையாக, சாம்பல் பூசியதுபோல் பஞ்சு படர்ந்த இலைகளோடு ஒரு சின்னப் பூண்டு முளைக்கும். எல்லாரும் அதை மமிக் என்பார்கள். மென்பஞ்சுக்கு அங்கே அதுதான் சொல். சாயிரா மட்டும் பூனைப்பாதம் என்பாள். அவளுடைய மாமனார் பேரும் மமிக். மருமகள் வாயில் மாமனார் பேர் வரக் கூடாது. அப்படி ஒலிக்கிற சொல்லும் வரக் கூடாது. அவளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது பூனைப்பாதம்தான்.

கிழவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"என் பேரு அவ்வளவு கசக்குதாம்மா உனக்கு? பூனைக் காலு மட்டும் இனிக்குதாக்கும்!"

அந்தக் கோடையில் அவருக்கு நினைவு கழன்றுபோயிருந்தது. "அத்தா" என்று கூப்பிட்டால், செத்துப்போன தன் தகப்பனைத் தேடித் திரும்பிப் பார்ப்பார். பேர் சொன்னால் மட்டும் முகம் மலரும்.

ஒருநாள் மதியம் சாயிராவின் கணவன் அசனாலி ஆடுகளோடு கணவாய்ப் பக்கம் போயிருந்தான். அவள் குதிரைப்பால் கறந்துவிட்டு நிமிர்ந்தபோது கூடாரத்து வாசலில் கிழவரைக் காணவில்லை. மூடுபனி இறங்கியிருந்தது. கூடவே ஈரப்பனியும் தூறியது.

"அத்தா! அத்தோவ்!"

பதில் இல்லை. பேரைச் சொன்னால் வருவார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வெட்டவெளியில் கேட்பதற்குக் குதிரைகளை விட்டால் யாருமில்லை. ஆனாலும் நாக்கு எழவில்லை. பாவாடை நனைந்து காலில் ஒட்டும்வரை சரிவெல்லாம் "அத்தா, அத்தா" என்றே அலைந்தாள். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

"மமிக்! டேய் மமிக்!"

"இந்தா வரேம்மா" என்று குரல் வந்தது. ஓடைப் பக்கமிருந்து, கூப்பிடு தூரத்தில். அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்திருக்கிறார். பனித்தண்ணீரில் இடுப்பளவு நனைந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தார்.

அன்று மாலையே காய்ச்சல் கண்டது. அசனாலியின் அக்கா புருல் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஓடி வந்தபோது, சாயிரா கிழவரை மடியில் சாய்த்து, "மமிக், வாயத் தொற கண்ணு" என்று சூப்பு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது! பெத்தவ மாதிரி பேரச் சொல்ற? வெக்கமா இல்ல?"

"வேற எப்படிக் கூப்பிட்டாலும் வாயத் தொறக்கல மதினி. நீங்க வேணா குடுத்துப் பாருங்க."

புருல் கரண்டியை வாங்கினாள். "அத்தா, நான்தான், ஒங்க மக. ஒரு வாய் குடிங்க." கிழவர் வாயை இறுக்கிக்கொண்டார். இன்னும் இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தாள். பிறகு கரண்டியைச் சாயிராவின் கையில் திணித்துவிட்டு, வெளியே போய் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்து, சாயிராவின் மடியிலேயே கிழவர் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அசனாலி அவளருகில் வந்து உட்கார்ந்தான்.

"பேரச் சொன்னதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல புள்ள. கூப்பிட்ட ஒடனே கெடைச்சாரா?"

"பேரச் சொன்ன ஒடனே கெடைச்சாரு" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு, குதிரைகளை அவிழ்க்க எழுந்து போனான். அவள் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.