சொந்தக்காரர்களுக்குக் கூடாது

நேர்காணலுக்கு வந்தவள் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்தாளா என்றால், அதுதான் இல்லை. கைப்பை மடிக்கும் தரைக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. இதுவும் கைநழுவினால் பழையபடி அண்ணன் கடைதான். ஐயோ, மறுபடியும் அண்ணி வாயில் விழுவதா?

எதிரே தலைமை மொழிபெயர்ப்பாளர் அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "எத்தனை பாஷை தெரியும்?" என்றார்.

"மூணு மேடம். மூணுலயும் சண்டையே போடுவேன்."

அம்மாள் சிரிக்கவில்லை. "இப்ப நான்தான் டாக்டர். நோயாளிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்" என்றவர், சட்டென்று டாக்டரின் மொழிக்குத் தாவினார். கட்டி பரவிவிட்டது, அறுவை சிகிச்சையால் பயனில்லை, இனி வலியைத்தான் குறைக்க முடியும் என்று கடகடவென்று சொல்லி நிறுத்தினார்.

அவள் வாய் தானாகத் திறந்தது. "ஆபரேஷன் வேண்டாமாம். வலிக்கு மாத்திரை தர்றாங்க. பயப்பட ஒண்ணுமில்லை."

"பயப்பட ஒண்ணுமில்லைன்னு நான் எப்பம்மா சொன்னேன்? கட்டி பரவினது எங்க போச்சு?"

அடிப்பாவி, போயும் போயும் இங்கேயா வாய் வழுக்க வேண்டும்! போன மாதம் இதே கட்டிடத்தில் அப்பாவின் டாக்டர் சொன்னதும் இதேதான். அவள் அப்பாவிடம் சொன்னதும் அட்சரம் பிசகாமல் இதேதான்.

"மறுபடி சொல்றேன் மேடம்." இந்தத் தடவை எதையும் விழுங்கவில்லை.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க. ஒரு விதி இருக்கு. இங்க வேலை பாக்குறவங்க சொந்தக்காரங்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது. வேற ஆளைத்தான் அனுப்புவோம்."

துணைக்கு வந்த அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சுப்பா."

"அப்படிப் போடு! புதன்கிழமை என் டாக்டர் முன்னாடி ஆபீசராப் போய் நிப்பே."

"நான் வர முடியாதுப்பா. வேற ஒருத்தர்தான் உங்களுக்குச் சொல்வாங்க."

"யார் வந்தா என்னம்மா? அதே நல்ல சேதியைத்தானே சொல்லப்போறாங்க?"

யாரோ ஒருவர் வாயால் அப்பா அதைக் கேட்பதா? அவர் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அப்பா, டாக்டர் நிஜமா என்ன சொன்னார்னா..."