வள்ளி இறக்கிய விமானம்

“தொடாதடா! கைய எடு, அது தானா வரட்டும்” என்று அம்சவள்ளி போட்ட சத்தத்தில் ரஞ்சித் விரல்களைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

மடிக்கணினித் திரையில் ஒரு பெரிய பயணிகள் விமானம் மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டின் பொறுப்பில் விட்டிருந்தாள். மேலே இருந்தவரை கோடு போட்டது போல வந்தது. ஓடுபாதை தெரிந்ததும் தொய்ந்தது. இறங்கவேண்டிய சரிவைப் பிடிக்காமல் தாழ்ந்துகொண்டே போய், வேலிக்கு இந்தப் பக்கமே மண்ணில் மோதி நின்றது.

“சே!” என்று தொடையில் அடித்துக்கொண்ட அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தாள். பாதங்கள் இரண்டும் உப்பிப் பளபளத்தன.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. இரவெல்லாம் அக்காவுக்கு மூச்சு வாங்கியது என்று அம்மா போன் செய்ததும், விழுப்புரத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் ஏறி பிரம்மதேசத்துக்கு ஓடி வந்திருந்தான் ரஞ்சித். ஆஸ்பத்திரிக்குப் போக உள்ளூர்க்காரர் கோதண்டபாணியின் வாடகைக் காரையும் சொல்லிவிட்டான். வந்து பார்த்தால் இவள் விமானம் விட்டுக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, வண்டி நிக்குது. ஜல்தி கெளம்பு.”

“ஒரே ஒரு தரம்டா. எறக்கிட்டு வந்துடறேன்.”

சிறுவயதில் வந்த காய்ச்சல் அவள் இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. ஒருமுறை ஆப்பரேஷன் ஆனது. இன்னொன்றை உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சென்டர் மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டபோதுதான் இந்த விளையாட்டு அவளுக்கு அகப்பட்டது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இலவசமாகச் செய்து வைத்திருக்கும் விமான சிமுலேட்டர். உள்ளே இருக்கும் கோப்புகளை யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். இந்த விமானத்தை உருவாக்கியவர் ஆட்டோபைலட்டை அரைகுறையாக விட்டுவிட்டுப் போயிருந்தார். வள்ளி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். எப்போது தானாக இறங்கும் என்று எங்கெங்கிருந்தோ கேட்டு எழுதினார்கள்.

“கம்ப்யூட்டர எடுத்துக்கினு போலாம். அங்க வெச்சி பாரு.”

“அங்க போனா என்னைத் திரும்ப ஒக்கார உடுவாங்களா? உனக்கே தெரியும்டா.”

ரஞ்சித் அம்மாவைப் பார்த்தான். கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்த ராஜாமணி மகளைப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய், “கொஞ்சம் நில்லுப்பா, கோதண்டம். என் பொண்ணுக்கு வேலை இருக்குது” என்றாள்.

வள்ளி திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். “வால் பக்கம் ரெக்கை இருக்குது பாரு, அத எவ்ளோ அசைக்கணும்னு ஒரு அளவு குடுத்திருக்கேன். அளவ ஏத்தினா மேல ஊஞ்சல் மாரி ஆடுது. கொறைச்சா கீழ வந்து பேச்சு கேக்க மாட்டேங்குது. இன்னாடா பேஜாரு இது...” சட்டென்று நிமிர்ந்தாள். “வேகம்! டேய், வேகம்டா!”

“இன்னாக்கா?”

“எறங்கச்சொல்லோ வேகம் கொறையுது இல்ல? காத்து மெதுவா போனா வாலுக்குப் பிடி ஏது? அப்ப நெறைய அசைக்கணும். நான் எல்லா வேகத்துக்கும் ஒரே அளவு வெச்சிக்கினு அழுவுறேன்! கோப்பைத் தொற.”

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து ரஞ்சித் தட்டினான். வேகம் குறையக் குறைய அளவு ஏறும்படி அவள் எண்களைச் சொன்னாள். ஒரு புள்ளியை விட்டுவிட்டான் என்று மண்டையில் குட்டினாள்.

விமானத்தைக் கடலுக்கு மேலே வைத்துத் தொடங்கினார்கள். சக்கரங்கள் வெளியே வந்தன. வேகம் இறங்கியது. ரஞ்சித்துக்கு இப்போது காரும் ஹாரனும் மறந்துபோயிருந்தன. விமானத்தின் மூக்கு ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான். சரிவைப் பிடித்துக்கொண்டது.

“பிடிச்சிடுச்சிக்கா!”

“கத்தாத. கடைசில மூக்க லேசா தூக்கணும்.”

வீடுகள் பெரிதாயின. வேலி வந்தது, தாண்டியது. அம்மா கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிந்தாள். கோதண்டபாணியும் செருப்பை விட்டு உள்ளே வந்துவிட்டிருந்தார். மூக்கு மெல்ல உயர்ந்தது. சக்கரங்களடியில் புகை ஒரு கீற்று எழுந்தது. விமானம் ஓடியது, ஓடியது, நடுக்கோட்டில் நின்றது.

வள்ளி தம்பியின் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். “எறக்கிட்டேன்! பாத்தியா, எறக்கிட்டேன்!”

“உள்ள யாருமே இல்லியாடி?” என்றாள் அம்மா.

“எல்லாரும் இருக்காங்கம்மா. பத்திரமா எறங்கிட்டாங்க.”

திருத்திய கோப்பை எல்லோருக்கும் அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள். பிறகு, “வாங்க போலாம்” என்று கைகளை நீட்டினாள். ஆக்சிஜன் சிலிண்டரைக் கோதண்டபாணி எடுத்துக்கொள்ள, ரஞ்சித் அவளைத் தூக்கிக்கொண்டான். அவ்வளவு லேசாக இருப்பாள் என்று அவன் நினைக்கவில்லை.

கார் நெடுஞ்சாலையில் ஏறியும் அவள் வாய் ஓயவில்லை. “அடுத்தது பக்கவாட்டுக் காத்துடா. காத்து இந்தப் பக்கம் தள்ளினா மூக்கு அந்தப் பக்கம் பாத்துக்கினு வரணும். எறங்கற நேரத்துல...” அவன் தோளில் சாய்ந்தபடி யோசித்தாள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தூரத்தில் தெரிந்தது. “ம், சொல்லுக்கா. எறங்கற நேரத்துல?” என்றான் ரஞ்சித்.

கண்ணாடியில் பார்த்த கோதண்டபாணி வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது.

மறுநாள் காலை, கெடாரிலிருந்து அத்தை அஞ்சம்மாள் தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். வள்ளி கிடந்த குளிர்ப்பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து, “அண்ணி, கடைசியா எதுனா சொல்லிச்சா புள்ள?” என்று கேட்டாள்.

ராஜாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏரோப்ளேன எறக்கினா அஞ்சம்மா! நான் பாத்தேன். மொதல்ல ஒண்ணு வந்து மண்ணுல வுழுந்துச்சி. இவ அத்தோட உட்டுடல. கணக்கு மாத்திப் போட்டா. அப்புறம் பாரு, கடல் மேலருந்து வருது... யாரும் பிடிக்கல, தானா வருது...”

ரஞ்சித் நிமிர்ந்து பார்த்தான். அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. வலது கையை உயரே தூக்கி, உள்ளங்கையைத் தட்டையாக விரித்திருந்தாள். அது சாய்ந்து, ஆடாமல், மெதுவாக இறங்கியது. அழுதுகொண்டிருந்த பெண்களெல்லாம் அந்தக் கையையே பார்த்தார்கள். விரல்நுனிகள் சற்றே மேலெழுந்தன. உள்ளங்கை பெட்டியின் கண்ணாடியைத் தொட்டு, அதன் மேலேயே கொஞ்ச தூரம் ஓடி, நின்றது.