பனிக்கோட்டைக்கு இரண்டே நட்சத்திரம்

‘பனிக்கோட்டை’ வீடியோ கேமின் இரண்டாம் பாகத்துக்கு எவனோ ஒருத்தன் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டான். கொலைகாரனைக்கூட விசாரித்துவிட்டுத்தான் தண்டிப்பார்கள். இவனுக்கு அந்த மரியாதையும் இல்லை. விமரிசனம் வந்த அரை மணி நேரத்தில் ரசிகர் குழுவின் இருநூற்றுப் பதினான்கு பேரும் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

கிளப்பிவிட்டது தலைவி. கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். கடையில் அவளை ‘ஏம்மா’ என்பார்கள். வீட்டில் புருஷனுக்கு ‘இங்க பாரு’. ‘தலைவி’ என்று வாய் நிறையக் கூப்பிட உலகத்தில் அந்தக் குழு ஒன்றுதான் உண்டு. அந்தப் பேரைக் கேட்டாலே அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அது போய்விட்டால் அவளிடம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

எழுதினவனும் பெரிய மேதாவி இல்லை. ‘நான் பல்செட் செய்பவன், எழுதிப் பழக்கமில்லை’ என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தான். நம் ஆட்களுக்கு அது போதாதா? ‘உன் பல்லைப் பேத்துடுவோம்’ என்றான் ஒருத்தன். ‘போய்ப் பல்லைத் தேயி’ என்றாள் இன்னொருத்தி. ஒரு பெரியவர் மட்டும் ‘என் மேல்பல் செட் லூசா இருக்கு, என்ன பண்றது?’ என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் திட்டினார்.

அப்படி என்னதான் எழுதிவிட்டான்? ஆறாம் கட்டத்தில் ஆற்றைக் கடக்கப் படகில் ஏறினால் படகு மட்டும் முழுகிப்போகிறதாம். வீரன் தண்ணீர்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெறும் கையால் துடுப்புப் போடுகிறானாம்.

“பச்சைப் பொய்!” என்று பொங்கினாள் தலைவி. பதினோரு நாள் சோறு தண்ணி மறந்து பதில் எழுதினாள். அந்த மும்முரத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு லென்ஸை இடம் வலமாக மாற்றி மாட்டிவிட, மனுஷன் கடைக் கதவிலேயே போய் முட்டிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் பல்செட்காரன் ஒரே வரி எழுதினான். “படகு மிதக்கிற மாதிரி ஒரு படம் போடுங்க, விமரிசனத்தை அழிச்சிட்டு மன்னிப்புக் கேட்டுடறேன்.”

“செத்தான்!” என்று குழுவே துள்ளியது. “தலைவி, தூக்கிப் போடுங்க தலைவி!”

தலைவி எதைத் தூக்கிப் போடுவாள்? ஏனென்றால் அவள் இன்னும் இரண்டாம் கட்டத்துப் பாலத்தையே தாண்டவில்லை. எங்கே நேரம்? விளையாட்டைக் காப்பாற்றவே பொழுது சரியாக இருந்தது. வேறு யாராவது போடட்டுமே என்று பார்த்தால், “நீங்க இருக்கும்போது நாங்க எதுக்கு?” என்று ஒவ்வொருத்தரும் நழுவினார்கள். ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலையில் உட்கார்ந்தவள் மதியம் வரை பாலத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்தாள். புருஷன் எட்டிப் பார்த்தான்.

“இத்தனை நாளா இதுக்கா ஊரோட சண்டை போட்டே? இன்னைக்குத்தான் விளையாடவே ஆரம்பிச்சிருக்கே போல!”

“வாயை மூடிட்டுப் போங்க!”

அவன் போனதும் மானத்தை விட்டுப் பல்செட்காரனுக்கே தனியாக எழுதினாள். “அண்ணா, அந்தப் பாலத்தை எப்படித் தாண்டறது?”

அதை அப்படியே ஊருக்குக் காட்டிப் பல்செட்காரன் அவள் மானத்தை வாங்கியிருக்கலாம். காட்டவில்லை. போனில் கூப்பிட்டு, “குதிக்காதீங்கம்மா, ஓரமா ஒட்டி நடங்க. ஆங், அப்படித்தான்” என்று கட்டம் கட்டமாகக் கூடவே வந்தார். ஆமாம், இதற்குமேல் அவரை ‘அவன்’ என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் ஆறாம் கட்டம். படகில் ஏறினாள். படகு முழுகியது. வீரன் சப்பணம் போட்டுக்கொண்டு வெறும் கையை வீசினான். மூன்று தடவை ஏறிப் பார்த்தாள், மூன்று தடவையும் அதே கூத்து.

பொய்ப்படம் ஒன்றைத் தயார் செய்யலாமா என்றுகூட நினைத்தாள். மதியத்திலிருந்து காதுக்குள் ஒலித்த அந்தக் குரலுக்கு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. குழுவில் எழுதினாள்: “படகு முழுகுது. அவர் சொன்னது நிஜம். நான் இன்னைக்குத்தான் அங்க போனேன். உங்கள்ல யாரு ரெண்டாம் கட்டம் தாண்டியிருக்கீங்க?”

ஒருத்தி, “நான் இன்னும் வாங்கவே இல்ல, தலைவி” என்றாள். “என் கம்ப்யூட்டர் ரிப்பேர்” என்றார் லூசு பல்செட் பெரியவர். அதற்குள் எவனோ ‘துரோகி’ என்று ஆரம்பிக்க, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பத்தே நிமிடத்தில் அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் உழைப்பு! எல்லாம் இந்த வீணாய்ப்போன படகால்தானே? ஆத்திரத்தில் அவளும் ஒரு விமரிசனம் எழுதினாள். ‘படகு மிதக்காது, பாலம் நிக்காது, இதெல்லாம் ஒரு கேமா? ஒரு நட்சத்திரம்.’

ஐந்து நிமிடத்தில் பல்செட்காரரின் போன். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தாள்.

“என்னம்மா எழுதி வச்சிருக்கே? ஒண்ணா? ஒண்ணு போடுற கேமா இது? ஏழாம் கட்டத்துல பனி கொட்டுமே, அதைப் பாத்தியா நீ? கண்ணை எடுக்க முடியாது! எவ்வளவு பாடுபட்டுப் பண்ணியிருக்காங்க!”

“நீங்களே ரெண்டுதானே போட்டீங்க?”

“நான் அறுபது மணி நேரம் விளையாடி, வயிறு எரிஞ்சு போட்டேன். நான் திட்டுவேன். நீ எப்படித் திட்டலாம்?”

அவர் குரல் தணிந்தது.

“எனக்குத் தெரிஞ்சு அந்தப் படகு வரைக்கும் வந்தது நானும் நீயும்தான். நாமளே ஒண்ணு போட்டா, பாவம், இந்தக் கேமுக்குன்னு யாரும்மா இருக்கா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரிண்ணா. படகுதான் முழுகுதே, ஏழுக்கு எப்படிப் போறது?”

“முதல்ல அந்த ஒத்தை நட்சத்திரத்தை அழி. அப்புறம் சொல்றேன்.”

மறுபேச்சுப் பேசாமல் அழித்துவிட்டு, திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.