நான்காவது பச்சை

ஏணியின் பாதியில் நின்று கௌதம் கீழே குனிந்தான்.

"மாமா, ஒயரு ஏற்கனவே புடுங்கித்தான் கெடக்குது."

"ஒன்ன யாரு ஏறச் சொன்னா? சரி சரி, எறங்கு," என்றார் ராஜவேல். உப்பளத்து மேஸ்திரி. அந்தக் குரலில் ஓர் அவசரம் இருந்தது.

பந்தலுக்குள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த யுவராணி நிமிர்ந்து பார்த்தாள்.

சாவு விழுந்த தெருவில் பாட்டு கேட்கக் கூடாது. பிணம் வீட்டுக்கு வந்ததிலிருந்து எடுக்கும்வரை கம்பத்து ஸ்பீக்கரின் வாயை அடைத்துவிடுவார்கள். அந்தக் கம்பத்தில் ஒரு குழாய் தெருவைப் பார்த்தும், ஒன்று அளத்தைப் பார்த்தும் இருந்தன. இரண்டுக்கும் ஒரே ஒயர்.

அதை மாட்டியவள் அவள்தான். சமுதாய வானொலியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கடற்கரையோரம் ஆறு கம்பங்களில் சிம் கார்டு போட்ட ஆறு பெட்டிகள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து ஸ்டேஷனோடு இணைத்தாள். அங்கே திரையில் ஆறு புள்ளிகள். பெட்டி நெட்டில் இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு. நான்காவது புள்ளி அவளுடைய தெரு.

முந்தாநாள் மூன்றே முக்காலுக்கு அவள்தான் மைக்கில் சொன்னாள். இடி மின்னல் வருகிறது, அளத்தில் இருப்பவர்கள் உடனே கரையேறுங்கள் என்று மூன்று முறை. ஆறும் பச்சை. 'ஆறு பெட்டிகளும் இயங்கின' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். அந்த நேரம் அவளுடைய அம்மா சின்னப்பாப்பா அளத்தில், மழைக்கு முன்னால் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தாள். மின்னல் அவள்மேல் இறங்கியது.

"பெத்த பொண்ணு தொண்ட கிழிய கத்திச்சாம். இவ காதுல வாங்கல பாரு."

இரண்டு நாளாக வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். அதைவிட மோசம், யுவராணியும் அதையே நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பிரேதக் கிடங்குக்கு வெளியே நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏம்மா கேக்கல, நான் சொன்னா உனக்கு அவ்வளவு எளக்காரமா? உடம்பைக் கொண்டுவந்து கிடத்திய பிறகும் அவள் அம்மாவைத் தொடவில்லை.

எழுந்து கம்பத்தடிக்கு வந்தாள்.

"மாமா, யாரு புடுங்குனது?"

"தனகோடி அப்பா செத்தாரில்ல, அதுக்குப் புடுங்குனோம்."

"காரியம் முடிஞ்சே பத்து நாளாச்சு."

"மாட்டிக்கலாம்னு இருந்தோம். மறந்துட்டோம்மா."

"பொட்டிய ஆஃப் பண்ணியிருந்தா எனக்கு சிவப்பு காட்டியிருக்கும். ஏன் ஒயர மட்டும் புடுங்குனீங்க?"

ராஜவேல் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மொத தடவ ஆஃப் பண்ணப்போ நீதான போன்ல அந்தச் சத்தம் போட்ட? செவப்பு வருது, பொட்டியத் தொடாதீங்கன்னு. அதான் தொடல."

அது உண்மை. அவள் சத்தம் போட்டிருந்தாள். திரையில் ஒரு சிவப்பைக்கூடப் பொறுக்க முடியாதவள். அவள் கேட்டது பச்சை. அவர்கள் பச்சையைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் இரண்டு நாளாக இந்தப் பந்தலில் உட்கார்ந்து, காதுல வாங்கல என்று தலையாட்டிக்கொண்டிருந்தது இவர்தானே.

"ஒயரு இல்லன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே எங்கம்மாவச் சொல்ல விட்டீங்க."

பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

பெண்களுக்கு நடுவிலிருந்து மலர்கொடி எழுந்தாள். அன்று அம்மாவோடு அளத்தில் நின்றவள்.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலடி. ரேடியோவுல சொன்னாங்க சொன்னாங்கன்னு இவங்க ஆளாளுக்குப் பேசவும், எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சுன்னு நெனச்சிட்டேன். நேத்து மருமவள விட்டு காதுல எண்ண ஊத்திக்கினேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த வி.ஏ.ஓ.வின் மடியில் ஃபைல் இருந்தது. சாவு பற்றிய அறிக்கையில் குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்க வந்தவர். அதில் இருந்த வரியைக் காலையிலேயே அவள் படித்திருந்தாள்: 'எச்சரிக்கை முறையாக ஒலிபரப்பப்பட்டும் அதைப் பொருட்படுத்தாமல்.'

"சார், அந்த வரிய அடிங்க."

"எப்படிம்மா அடிக்கிறது? ஸ்டேஷன் ரிப்போர்ட்ல எல்லாம் ஓடுச்சுன்னு இருக்கு. கீழ உங்க கையெழுத்துதான்."

"என் கையெழுத்துதான். பொய்க் கையெழுத்து."

"அப்படியெல்லாம் பேசாதீங்க. உங்க வேலைக்கே..."

"பேனா குடுங்க சார்."

நின்றபடியே அந்த வரியைத் தானே அடித்தாள். ஓரத்தில் எழுதினாள்: 'பெட்டி இயங்கியது. ஸ்பீக்கர் ஒயர் கழற்றப்பட்டிருந்தது. எச்சரிக்கை சின்னப்பாப்பாவின் காதில் விழவில்லை. நான் சரிபார்க்கவில்லை.' கடைசி வாக்கியத்துக்கு முன்னால் கை சற்று நின்றது. எழுதிவிட்டாள். கீழே பெயரைப் போட்டுவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு ஃபைலை ராஜவேலிடம் நீட்டினாள்.

"நானா? எனக்கு எதுக்கும்மா இதுல?"

"ஒயரு புடுங்குனது யாருன்னு எழுதல மாமா. எழுதட்டுமா?"

பந்தலுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஃபைலை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கௌதமைக் குனியச் சொல்லி, அவன் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

யுவராணி திரும்பிப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளிப்பாட்டியபோது வைத்த பஞ்சு, அம்மாவின் இடது காதிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அதை உள்ளே தள்ளக் கை நீட்டினாள். தள்ளவில்லை. மெதுவாக எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.