காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் அங்க அடையாளம் கேட்டிருந்தது. வஜிஹா தன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதினாள்: இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்.

அது 1986 ஜூன். கிருஷ்ணகிரிக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில், தவளைகள் மிதக்கும் ஜாடிகளுக்கு எதிரே அவளும் தோழி காவேரியும் உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் ஒன்றரை மார்க்கில் மருத்துவக் கல்லூரி கைவிட்டுப் போனதால்தான் வஜிஹா பி.எஸ்சி.யில் சேர்ந்தாள். ஒரு வருஷம் படித்து நுழைவுத் தேர்வை மறுபடியும் எழுதியிருந்தாள். இந்த முறை இடம் உறுதி என்று ஆசிரியர்களே சொன்னார்கள்.

"எங்க, காட்டு." காவேரி அவள் முடியை ஒதுக்கிக் காதை மடக்கிப் பார்த்தாள். "இங்க ஒண்ணுமே இல்லடி."

"நல்லாப் பாரு."

"லென்ஸ் வெச்சே பாத்துட்டேன். உன் மச்சம் உன்ன வுட்டுட்டு ஓடிப்போச்சு."

காவேரி சிரித்தாள். வஜிஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் காதின் பின்புறத்தை யாரால் பார்க்க முடியும்? புத்தகத்தில் இருந்ததை அவள் நம்பி வந்திருந்தாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சொந்த ஊரான பாகலூருக்குப் போனாள். கொல்லையில் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா ரஹமத் பீவி உள்ளிருந்து கூப்பிட்டாள். "வஜிஹா..." மெதுவாக ஒரு முறை. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு உரக்க, "வஜிஹா!"

அம்மா எப்போதும் இரண்டு முறைதான் கூப்பிடுவாள். முதல் அழைப்புக்கே வஜிஹா போனால், அம்மா அவளைத் தாண்டி வேறெங்கோ பார்ப்பாள். அதனால் இரண்டாவதற்குப் போவதே அவளுக்குச் சிறுவயதிலிருந்து பழக்கமாகிவிட்டது.

அம்மா தலை வாரிவிட்டாள்.

"எனக்குக் காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்குதாம்மா?"

அம்மாவின் விரல் தேடவில்லை. நேராக ஓரிடத்தில் போய் நின்றது. வாரும்போதெல்லாம் தொடும் அதே இடம்.

"இருக்குதே. எள்ளு கணக்கா."

"காவேரி இல்லேங்கிறா."

"அவளுக்கு என்ன தெரியும்." விரல் அங்கேயே தடவிக்கொண்டிருந்தது. கோடைக்காலத்திலும் அது சில்லென்றிருந்தது.

திங்கட்கிழமை, இருப்பிடச் சான்றுக்காக அத்தா மெஹபூப் பாஷா அவளைக் கிராம நிர்வாக அலுவலர் கங்கப்பனிடம் அழைத்துப் போனார். அத்தா புளி வியாபாரி; கங்கப்பனுக்குப் பல வருஷப் பழக்கம்.

"வா பாப்பா. டாக்டரானா என் முட்டி வலிக்கு ஓசியில ஊசி போடணும், இப்பவே சொல்லிட்டேன்." சிரித்தபடியே, அவள் இந்த ஊரில்தான் பிறந்தாள் என்று சரிபார்க்கப் பழைய பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினார். "அறுவத்தெட்டு, ஜூன் பதினாலு. இதோ இருக்குது."

அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஏதோ குறித்திருந்தது. கங்கப்பனின் சிரிப்பு நின்றது. இன்னொரு பதிவேட்டை எடுத்துப் பிரித்தார்.

"பாய், இதென்ன?"

வஜிஹா எட்டிப் பார்த்தாள். இறப்பு, மே 1969. பெயர் வஜிஹா. தந்தை மெஹபூப் பாஷா. வயது பதினோரு மாதம். காய்ச்சல்.

வெளியே நல்ல வெயில். ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. தன் பெயரும் தன் அத்தாவின் பெயரும் இருந்த அந்தச் சாவை அவள் இரண்டு முறை படித்தாள்.

அத்தா நிமிரவில்லை. "உனக்கு முன்னாடி பொறந்தவம்மா. நீ பொறந்தப்ப வேற பேரு வெக்க உங்கம்மா வுடல. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப கையில அவ பொறப்புச் சீட்டுதான் இருந்துச்சு. அடையாளம் கேட்டாங்க, உங்கம்மா வாயில மச்சம்னு வந்துருச்சு."

"நான் எப்ப பொறந்தேன், அத்தா?"

"எழுவது, பிப்ரவரி மூணு."

மருத்துவத்தில் சேர அந்த டிசம்பர் முப்பத்தொன்றில் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. வஜிஹா விரல் விட்டு எண்ணினாள். முப்பத்து நாலு நாள் குறைந்தது.

கங்கப்பன் இறப்புப் பதிவேட்டை மூடினார். "நான் எதையும் பாக்கல பாப்பா. பொறந்த பக்கத்த மட்டும் பாத்துத் தாசில்தாருக்கு எழுதிடறேன்."

"எழுதுங்க சார்," என்றார் அத்தா. "முப்பத்தி நாலு நாளு. இதுக்காகவா புள்ள படிப்ப வுடறது?"

வஜிஹா மூடிய பதிவேட்டின் மேல் கை வைத்தாள்.

"அவளுக்குன்னு இருக்கறது இந்தத் தேதி ஒண்ணுதானத்தா. அதையும் நான் வெச்சுக்கிட்டா அவ எங்க போவா?" கங்கப்பனிடம் திரும்பினாள். "வேணாம் சார். என் தேதியிலயே அடுத்த வருஷம் போடறேன்."

"உன்னோடத நாங்க பதியவே இல்லம்மா. அப்ப வீடு இருந்த நெலமையில..."

கங்கப்பன் எழுபதாம் வருஷப் பக்கங்களைப் புரட்டினார். வெகுநேரம் கழித்து ஒரு வரியில் விரல் வைத்தார். பிப்ரவரி மூன்று, பெண் குழந்தை, பெயர் இடவில்லை. தகவல் தந்தவர்: பிரசவம் பார்த்த நர்ஸ் நாராயணம்மா.

"யாரும் சொல்லாமயே அந்தம்மா வந்து எழுதி வெச்சிருக்குது பாருங்க."

துக்க வீட்டைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் ஒருத்தி தானே நடந்து வந்து எழுதிவைத்த வரி. பதினாறு வருஷமாக அது அங்கேயே இருந்தது.

"பேர் சேக்க மனு போடுங்க. புத்தகத்தத் திருத்த நானும் கூட வர்றேன்," என்றார் கங்கப்பன். "அடையாளத்தையும் புதுசா எழுதிக்கிட்டு வாங்க."

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா எழுந்து தொழப் போனாள்.

மறுநாள் காலை கொல்லையில் நின்றபோது குரல் வந்தது. மெதுவாக, "வஜிஹா..."

அவள் இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தாள். வரவில்லை. மௌனம் நீண்டது. கட்டியிருந்த ஆடு மெல்லுவதை நிறுத்திவிட்டு வீட்டின் உள்பக்கம் பார்த்தது. வஜிஹா பயந்துபோய் ஓடினாள். அம்மா உள்ளறையில், ஒன்றுமில்லாத ஒரு மூலையைப் பார்த்து நின்றிருந்தாள்.

"இன்னிக்கி அவ பதில் சொல்லல," என்றாள்.

பிறகு திரும்பினாள். வஜிஹாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, நெற்றியிலிருந்து மெல்லப் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்று பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல. வலது முழங்கையில் கண் நின்றது.

"இந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?"

"ஏழு வயசுல. பால் கொட்டி."

"நான் பாக்கவே இல்லையேம்மா." அம்மா அந்தத் தழும்பின் மேல் கை வைத்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. "இத எழுதிக்க."